கூரையில் இல்லாத ஓட்டை: மாசசூசெட்ஸ் வீடு ஒன்றின் இலையுதிர்கால வேலைகள்

2015 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, மாடி அறையில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டு விழித்தேன். ஜன்னலின் மேற்கட்டையிலிருந்து துளித்துளியாக விழுந்த நீரில், கீழ்ப்பலகையில் இருந்த மகளின் புத்தகங்கள் ஊறிப்போயிருந்தன. வெளியே மைனஸ் 13 டிகிரி செல்சியஸ். இரண்டு வாரங்களாக வானத்திலிருந்து விழுந்ததெல்லாம் வெண்பனிதான். ஊரே உறைந்துகிடக்கும்போது வீட்டுக்குள் எப்படி ஒழுகும் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அது புரிந்து, சரிசெய்து முடிக்க அந்த ஆண்டு நவம்பர் வரை ஆயிற்று.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. பனி கொட்டும் ஊர்களில் முதன்முதலாக வீடு வாங்கும் நம்மவர்கள், செப்டம்பர் பிறந்ததும் கூரையின் மேல் ஆளை ஏற்றிப் பார்க்கிறார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் பிழை இருந்த இடம் கூரையின் மேல்புறமே அல்ல.

வீடும் அந்தக் குளிர்காலமும்

எங்கள் வீடு வுஸ்டர் நகரை ஒட்டிய ஷ்ரூஸ்பரியில் இருக்கிறது. 1954இல் கட்டிய மரவீடு. இந்தப் பகுதியில் ‘கேப்’ என்று அழைக்கப்படும் வகை: செங்குத்தான சாய்கூரை, அந்தக் கூரையின் வயிற்றுக்குள்ளேயே இரண்டு படுக்கையறைகள். சாய்வு தரையைத் தொடும் இடத்தில் மனிதர் நிற்க முடியாது என்பதால், அறையின் இருபுறமும் இடுப்பளவுக்கு ஒரு குட்டைச்சுவர் எழுப்பியிருப்பார்கள். சுவருக்குப் பின்னால் இருட்டான முக்கோண வெளி. அறைகளின் உச்சிக்கு மேலே, முகட்டுக்கு அடியில், தவழ்ந்து போகக்கூடிய ஒரு பரண். இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

அந்தக் குளிர்காலம் சாதாரணமானது அல்ல. ஜனவரி 26, 27 தேதிகளில் வீசிய ஒரே பனிப்புயலில் வுஸ்டரில் 34.5 அங்குலம் கொட்டியது. அந்நகரின் பதிவேட்டில் அதற்குமுன் அப்படி ஒரு புயல் இல்லை. பாஸ்டனில் பருவம் முழுவதும் சேர்த்து 108 அங்குலத்தைத் தாண்டியது, அதாவது ஒன்பது அடி. அதில் பாதிக்கு மேல் பிப்ரவரி மாதத்தில் மட்டும் விழுந்தது. மாநிலத்தில் பல கட்டடங்களின் கூரைகள் பளு தாங்காமல் இடிந்தன. பாஸ்டன் தெருக்களில் அள்ளிக் குவித்த பனிக்குன்றுகளில் கடைசியானது உருகி முடிந்தது ஜூலை 14ஆம் தேதி. கோடையின் நடுவில், குப்பை மூடிய கரிய மேடாக, அது அதுவரை கிடந்தது.

பனியின் அளவைவிட எங்களைப் பாதித்தது வேறொன்று. ஒரு புயலுக்கும் அடுத்த புயலுக்கும் இடையில் வெயில் வந்து கூரையைச் சுத்தப்படுத்தவில்லை. பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை பாஸ்டனிலேயே மைனஸ் 7 டிகிரி. விழுந்த பனியின் மேல் பனி விழுந்தது. வாரக்கணக்கில் கூரை அந்தப் போர்வையின் அடியிலேயே இருந்தது.

தண்ணீர் வந்த வழி

வெண்பனி நல்ல கம்பளி. அதன் நுண்ணிய காற்றறைகள் வெளிக்குளிரைக் கூரைப்பலகை வரை எட்டவிடாமல் தடுக்கின்றன. வீட்டுக்குள்ளிருந்து கசியும் சூடு, மேலே தப்பிக்க வழியின்றிப் பலகையைச் சூடாக்குகிறது. பலகை பூஜ்யம் டிகிரியைத் தாண்டினால் போதும், பனியின் அடித்தட்டு உருகத் தொடங்கும். மேலே இரண்டடி வெள்ளைப் போர்வை அசையாமல் கிடக்க, அதன் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தண்ணீர் சரிந்து இறவாரத்துக்கு வருகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் அந்தக் கூரை விளிம்புக்கு அடியில் வீடு இல்லை, சூடும் இல்லை. வந்த நீர் அங்கே உறைகிறது. அடுத்து வருவது அதன்மேல் உறைகிறது. சில நாட்களில் விளிம்பு முழுவதும் ஒரு பனிக்கட்டிக் கரை எழும்பிவிடும். ஆங்கிலத்தில் இதை ‘ஐஸ் டேம்’ என்கிறார்கள். அணை என்ற சொல் மிகப் பொருத்தமானது. அணைக்குப் பின்னால் நீர் தேங்கும். கூரையில் வேய்ந்திருக்கும் தார் ஷிங்கிள்கள் நம் ஊர் ஓடுகளைப் போலத்தான்: ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வழிந்தோடும் நீரைத் தள்ளிவிடும். தேங்கும் நீரைத் தாங்க அவை செய்யப்பட்டவை அல்ல. நீர் பின்னோக்கி ஏறி, ஷிங்கிளின் அடியில் புகுந்து, ஆணித்துளை வழியாகப் பலகையைக் கடந்து, சுவருக்குள் இறங்கி, ஜன்னல் மேற்கட்டையில் வெளிப்பட்டது. எங்கள் கூரையில் ஓட்டையே இல்லை.

அன்று காலை வெளியே போய்ப் பார்த்தேன். வடக்கு விளிம்பில் ஆலமரத்து விழுதுகளைப் போலப் பனிவிழுதுகள், சில என் உயரத்துக்கு. அவற்றைப் பார்த்துப் போன வாரம்தான் ஊருக்குப் படம் அனுப்பியிருந்தேன். அப்பா தஞ்சாவூரிலிருந்து, “கூரைக்குக் கண்ணாடிச் சரம் கட்டியது போல இருக்கிறதப்பா” என்று மகிழ்ந்திருந்தார். எதிர்வீட்டுக் கூரையில் ஒரு விழுதுகூட இல்லை. அங்கே பனி எங்கள் கூரையில் இருந்ததைவிடத் தடிமனாக, விளிம்புவரை ஒரே சீராகப் படிந்திருந்தது. எங்கள் கூரையில் முகட்டை ஒட்டி ஒரு பட்டை கருப்பாகத் தெரிந்தது. அந்த வேறுபாட்டில் நோயின் பெயர் எழுதியிருந்தது. எனக்குத்தான் அன்று படிக்கத் தெரியவில்லை.

யார் என்ன சொன்னார்கள்

நீராவி பாய்ச்சிப் பனிக்கட்டியை உருக்கும் ஆட்களுக்கு அந்த மாதம் வரிசை நின்றது. மினசோட்டாவிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்திருந்தன. எங்களுக்கு ஆள் கிடைக்க ஐந்து நாள் ஆனது. அதுவரை கால்சியம் குளோரைடை நைலான் காலுறைகளில் நிரப்பி, அணையின் குறுக்கே போட்டு, நீர் வெளியேற வாய்க்கால் வெட்டினோம். அவசரத்துக்கு அது உதவும். சமையல் உப்பையோ சாலை உப்பையோ போடக் கூடாது. அது தகரத்தையும் கீழே உள்ள செடிகளையும் தின்றுவிடும். கோடரியால் கொத்துவதும் கூடாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கொத்தினார். பனிக்கட்டியோடு ஷிங்கிளும் பெயர்ந்து வந்தது.

கோடையில் இரண்டு கூரைக்காரர்களை அழைத்தேன். ஒருவர் முழுக் கூரையையும் மாற்றச் சொன்னார்: 14,000 டாலர். இன்னொருவர் விளிம்பு நெடுக வளைந்து வளைந்து செல்லும் மின்சூட்டுக் கம்பி போடச் சொன்னார். இருவரும் ஏணியில் மேலே ஏறினார்கள். இருவருமே பரணுக்குள் தலையை நீட்டவில்லை. எங்கள் ஷிங்கிள்களுக்கு அப்போது 12 வயதுதான். புதுக்கூரை போட்டிருந்தால், அடுத்த கடுங்குளிரில் புதுக்கூரையின் மேல் அதே அணை எழும்பியிருக்கும். மின்கம்பியோ, வீட்டுச் சூட்டைக் காசு கொடுத்து வீணாக்கி, அந்த வீணால் விளைந்த பனிக்கட்டியை மறுபடி காசு கொடுத்து உருக்கும் ஏற்பாடு. வேறு வழியே இல்லாத மூலைகளுக்கு அது சரி. முதல் மருந்தாக அதைச் சொன்னதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மூன்றாவதாக வந்தவர் கூரைக்காரர் அல்லர். மாசசூசெட்ஸில் மின், எரிவாயு நிறுவனங்கள் நடத்தும் ‘மாஸ் சேவ்’ திட்டத்தில் வீட்டின் ஆற்றல் தணிக்கை, அதாவது சூடு எங்கே வீணாகிறது என்ற சோதனை, இலவசம். வெப்பக்காப்புச் செலவில் முக்கால் பங்கை ஓர் உச்சவரம்பு வரை அவர்களே ஏற்றார்கள். வந்தவர் முதலில் கேட்டது, “பரணுக்கு வழி எங்கே?”

செப்டம்பரில் அவர் வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறைந்தபோது, எங்கெங்கே இடுக்கு இருந்ததோ அங்கெல்லாம் பரணின் காற்று அறைக்குள் சீறியது. பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்து வந்து ஏற்றினேன். குளியலறை விளக்கின் விளிம்பில் பிடித்தால் புகை வெட்டி வீசியது. குட்டைச்சுவரின் அடிப்பலகை ஓரத்தில் பிடித்தபோது கங்கே சிவந்து ஒளிர்ந்தது. அந்தச் சிறு சிவப்பைப் பார்த்தபோதுதான், குளிர்காலம் முழுவதும் நாங்கள் எதைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு உறைத்தது.

பரணில் அதைவிடத் தெளிவான சாட்சி இருந்தது. வெப்பக்காப்புக்காகப் பரப்பியிருந்த பழைய கண்ணாடியிழைப் பஞ்சை ஒரு மூலையில் புரட்டினோம். இளஞ்சிவப்புப் பஞ்சின் அடிப்பகுதியில் கையகலக் கறுப்புத் திட்டுகள். பூஞ்சை என்று பயந்தேன். அழுக்கு என்றார் அவர். 60 ஆண்டுகளாக அறைக்காற்று அந்த இடுக்குகளின் வழியாக மேலே போயிருக்கிறது. பஞ்சு வடிகட்டியாக நின்று தூசியைப் பிடித்திருக்கிறது. பஞ்சு காற்றைத் தடுப்பதில்லை, வடிகட்டுகிறது. கறுப்புத் திட்டு இருந்த ஒவ்வோர் இடத்துக்கும் அடியில் ஓர் ஓட்டை இருந்தது: கழிவுக்குழாயின் காற்றுப்போக்கி ஏறும் துளை, மின்கம்பி இறங்கும் துளை, உள்சுவர்களின் தலைக்கட்டை, உட்கூரையில் பதித்த விளக்குகள், எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் புகைபோக்கியைச் சுற்றி இரண்டங்குல இடைவெளி. குளியலறை ஈரக்காற்றை இழுக்கும் விசிறியின் குழாய், வெளியே போகாமல் பரணிலேயே வாய் திறந்து கிடந்தது. அதற்கு நேர்மேலே கூரைப்பலகையில் ஆணிமுனைகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன.

அக்டோபர், நவம்பர்

வேலையின் வரிசையைக் குளிர் தீர்மானித்தது. ஷிங்கிளின் அடியிலுள்ள தார்ப்பட்டை வெயில் சூட்டில்தான் ஒன்றோடொன்று ஒட்டும். ஐந்து டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. ஆகவே வெளிவேலை முதலில். அக்டோபர் முதல் வாரம் வடக்கு விளிம்பில் ஆறடி அகலத்துக்கு ஷிங்கிளைப் பெயர்த்து, அடியில் பிசின் பூசிய நீர்த்தடுப்புத் தாளை ஒட்டி, மேலே புதிதாக வேய்ந்தோம். இப்போதைய கட்டட விதிப்படி இந்தத் தாள் விளிம்பிலிருந்து தொடங்கி, வெளிச்சுவரின் உட்கோட்டைத் தாண்டி இரண்டடி உள்ளே போக வேண்டும். எங்கள் பழைய கூரையில் அது இல்லவே இல்லை. இந்தத் தாள் அணை எழும்புவதைத் தடுக்காது. எழும்பினால் நீர் உள்ளே வராமல் காக்கும், அவ்வளவே. விற்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அதே கையோடு, புகைபோக்கியைச் சுற்றியிருந்த தகரத் தடுப்பும், காற்றுப்போக்கிக் குழாயின் வெடித்துப்போன ரப்பர் வளையமும் மாற்றப்பட்டன.

பிறகு பரண். புதுப் பஞ்சு போடுவதற்கு முன் ஓட்டைகளை அடைத்தாக வேண்டும். மேலே பஞ்சைக் கொட்டிவிட்டால் அவற்றை மறுபடி எட்டவே முடியாது. சிறிய துளைகளுக்கு, பீய்ச்சியதும் இறுகிவிடும் நுரை. புகைபோக்கிக்கு நுரை கூடாது, தீப்பிடிக்கும். அந்த இடைவெளியை இரும்புத் தகடு வெட்டிப் பொருத்தி, வெப்பம் தாங்கும் பசையால் மூடினார்கள். விளக்குகளைக் கழற்றிவிட்டு, காற்றுப்புகாதவற்றை மாட்டினோம். குளியலறைக் குழாயை வெளிச்சுவர் வரை நீட்டி, வெளியே வாய் வைத்தோம். பரண் கதவுக்கு மேலே தடித்த நுரைப்பலகையில் ஒரு மூடி.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். பழைய வீட்டுப் பரணில் கூழாங்கல் போல மினுங்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள்கள் வெப்பக்காப்பாகக் கொட்டியிருந்தால் கையே வைக்காதீர்கள். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த சரக்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது பல லட்சம் வீடுகளுக்குள் போயிருக்கிறது. எங்கள் பரணில் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வேலை தொடங்கியது. இன்னொன்று: வீட்டை இறுக அடைத்த பிறகு, வீட்டைச் சூடாக்கும் அடித்தளத்து பாய்லரின் புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று சோதிக்க வேண்டும். புகை திரும்பி வந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தேங்கும். சோதனை முடியும்வரை நான் வேலையை ஏற்றுக் கையெழுத்துப் போடவில்லை.

மிகக் கடினமான பகுதி குட்டைச்சுவர்கள். அவற்றின் அடியில் அறைத் தரையின் சட்டங்கள் சுவரைக் கடந்து முக்கோண வெளிவரை நேராக ஓடுகின்றன. சட்டங்களுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் இடைவெளியும் திறந்த சுரங்கம். கீழ்த்தளத்தின் சூடு அவற்றின் வழியாக நேரே வடக்கு விளிம்புக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ஊதுபத்தியின் கங்கு சிவந்தது இதனால்தான். ஒவ்வோர் இடைவெளிக்கும் நுரைப்பலகையை அளந்து வெட்டி, செருகி, ஓரங்களில் நுரை அடித்தோம். இருபுறமும் சேர்த்து 38 துண்டுகள். நான்கு சனிக்கிழமைகள் நானும் மனைவியும் முழங்காலில் தவழ்ந்து செய்த வேலை அது. கூலிக்கு வருபவர் அவசரத்தில் இரண்டைத் தவறவிட்டாலும் நமக்குத் தெரியவராது. எனவே இதை மட்டும் நாங்களே செய்தோம்.

அடைத்து முடிந்த பிறகு காற்றோட்டம். விளிம்பின் அடிப்பலகையிலிருந்த துவாரங்கள் பழைய பெயின்டாலும் பஞ்சாலும் மூடிக்கிடந்தன. அவற்றைத் திறந்து, கைமரங்களுக்கு இடையே காற்று செல்லத் தடம் வைத்து, முகட்டில் வெளியேற்றம் வெட்டினோம். கீழே காற்று நுழைய வழியில்லாமல் முகட்டை மட்டும் திறந்தால் அது வீட்டுக் காற்றையே மேலே உறிஞ்சும், நிலைமை மோசமாகும். கடைசியில் செல்லுலோஸ் பஞ்சு, 14 அங்குலம். வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ‘ஆர்’ அளவில் அது 49. முன்பிருந்தது நசுங்கிய நான்கு அங்குலம்.

மழைநீர்க் கால்வாயை இரண்டு முறை சுத்தம் செய்தேன். மேப்பிள் அக்டோபரில் உதிர்ந்துவிடும். ஓக் மரம் நவம்பர் கடைசிவரை இலையைப் பிடித்துவைத்திருக்கும். ஒருமுறை வாரிவிட்டு நிம்மதியாக இருந்தால் அடைப்பு முதல் பனிக்குள் வந்துவிடும். அதோடு, தரையில் நின்றபடியே விளிம்புப் பனியை இழுத்துவிடும் நீளக் கோல் ஒன்று வாங்கிவைத்தேன். அதைத் தூக்கும்முன் மின்கம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

பலித்ததா

2015-16 குளிர்காலத்தில் விழுதுகள் தொங்கவில்லை. அதை நான் வெற்றியாகக் கணக்கிடவில்லை. அந்த ஆண்டு பனியே குறைவு. வேலை பலித்ததா என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹானோவரில் அமெரிக்க ராணுவத்தின் குளிர்மண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே வேய்ன் டோபியாசனும் அவரது சகாக்களும் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் டிரம் முகாம் கட்டடங்களில் பரண் வெப்பநிலையை அளந்து, ஓர் எளிய விதி வகுத்தார்கள்: வெளியே மைனஸ் 5.5 டிகிரி இருக்கும்போது பரண் மைனஸ் 1 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் விளிம்பில் தொல்லைதரும் பனிக்கட்டி எழாது. இதற்குத் தேவை, ஒரு வெப்பமானியும் அதன் கம்பியும்.

ஒழுகிய அந்த பிப்ரவரியில் பரணில் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்திருந்தேன். வெளியே மைனஸ் 9, பரணில் 7 டிகிரி. பதினாறு டிகிரி வித்தியாசம். 2016 பிப்ரவரி 14 அன்று பாஸ்டனில் மைனஸ் 23 டிகிரிக்கு இறங்கியது. அன்று காலை எங்கள் பரண் வெளிக்குளிரைவிட ஐந்து டிகிரிதான் கூடுதல். அதற்கு முன் எந்தக் குளிர்காலத்திலும் அந்தப் பரண் அவ்வளவு குளிர்ந்திருக்காது. அதற்காக மகிழ்ந்தோம்.

உண்மையான சோதனை 2018 ஜனவரியில் வந்தது. முந்தைய டிசம்பர் இறுதியிலிருந்து ஏழு நாட்கள் தொடர்ந்து பாஸ்டனில் பகல் வெப்பம் மைனஸ் 7 டிகிரியைத் தாண்டவில்லை; 1918இல் பதிவான தொடர்குளிருக்குச் சமம். ஜனவரி 4 அன்று அதன்மேல் ஓரடிக்கு மேல் பனி கொட்டியது, பிறகு மறுபடி கடுங்குளிர். 2015இல் எங்களைக் கவிழ்த்த அதே சேர்க்கை. மூன்று நாட்கள் கழித்து வெளியே போய் நின்று பார்த்தேன். தெற்குப் பக்கம் முகடுமுதல் விளிம்புவரை பனி ஒரே தடிமனில் கிடந்தது, எதிர்வீட்டைப் போலவே. பரண் மைனஸ் 9, வெளியே மைனஸ் 13.

வடக்கில் மட்டும், அறையின் உட்கூரையே கூரையின் சாய்வாக இருக்கும் பகுதிக்கு நேர்கீழே, முழம் நீளத்தில் ஏழெட்டு விழுதுகள் தொங்கின. அங்கே கைமரத்தின் ஆழம் ஆறங்குலம்கூட இல்லை. அதில் காற்றுத்தடமும் வேண்டும், பஞ்சும் வேண்டும். இரண்டுக்கும் இடம் போதவில்லை. தாள் இருந்ததால் உள்ளே ஒரு துளி வரவில்லை. அன்று மாலை கோலால் விளிம்பிலிருந்து நான்கடி வரை பனியை இழுத்துவிட்டேன். கீழே இரண்டங்குலம் பனியை விட்டுத்தான் இழுக்க வேண்டும், ஷிங்கிளைச் சுரண்டக் கூடாது.

அந்தச் சாய்வுப் பகுதிக்கு உள்ளிருந்து செய்ய இனி ஒன்றுமில்லை. ஷிங்கிள்களுக்கு வயது முடிந்து கூரையைப் பிரிக்கும்போது, பழைய பலகையின் மேல் நான்கங்குல நுரைப்பலகை பரப்பி, அதன்மேல் புதுப் பலகை அடித்து வேய வேண்டும். முகடு அவ்வளவு உயரும், விளிம்புத் தகரம் எல்லாம் புதிதாக வெட்ட வேண்டியிருக்கும். அதற்கான அளவுகளை எடுத்து வைத்திருக்கிறேன். இம்முறை மதிப்பீடு தர வருபவரை முதலில் பரணுக்குத்தான் அழைத்துப் போவேன்.